வாழைமர நோட்டு

அந்த நோட்டில் ஆளே இல்லை. நம் ஊர் நோட்டில் ராஜா தலை இருக்கும். இதில் ஒரு வாழைமரம், குலை தள்ளி நிற்கிறது. தோப்பு இருக்கிறது, தோப்புக்காரன் இல்லை. இத்தனை வருஷம் கழித்தும், பொழுது சாயும் நேரத்தில் ஒரு வாழைத்தோட்டத்தைக் கடக்க நேர்ந்தால் என் கால் தானாக வேகம் பிடிக்கிறது. உள்ளேயிருந்து யாரோ பதில் சொல்லிவிடுவார்கள் போல.

சண்டை முடிந்த மறு வருஷம், ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு மலாயாவிலிருந்து ஒருவர் வந்தார். என் அண்ணனோடு ஒரே ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர்; ஒரே பானையில் பொங்கித் தின்றவர். சொந்த ஊர் சுந்தரபாண்டியம். அங்கே அவருக்கென்று யாரும் மிச்சமில்லை. முழங்காலுக்குக் கீழே ஆறிப்போன புண்ணின் பள்ளம். அதில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைக்கலாம். ரப்பர் ஷீட்டில் சுற்றிய ஒரு நோட்டுக்கட்டை, அண்ணன் பெண்டாட்டியான என் மதினியின் முன்னால் வைத்தார்.

"அண்ணாச்சி குடுத்தாவ. பின்னாலயே வாரேன்னு சொல்லச் சொன்னாவ. கப்பல்ல எடம் கெடைக்கல, மதினி."

மதினி கட்டைத் தொடவில்லை. முதலில் தாலியைத் தொட்டுக்கொண்டாள். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்த நாளிலிருந்து அண்ணனிடமிருந்து ஒரு வரி வந்ததில்லை. வைக்கோலில் ஆள் செய்து எரித்துக் காரியத்தை முடித்துவிட்டு, அந்தப் பிள்ளை தாலியை வாங்கிவிடுவோம் என்று பெரியப்பா பேச ஆரம்பித்திருந்த நேரம் அது. இந்தக் கட்டு வந்ததும் அவர் வாயை மூடிக்கொண்டார். வந்தவருக்கு மாட்டுக்கொட்டகைப் பக்கம் ஒரு கட்டில் போட்டார்கள். விறகு பிளந்தார், மாடு கழுவினார். அண்ணனைப் பற்றிக் கேட்டால் மட்டும் நம்மைத் தாண்டி எதையோ பார்த்தபடி, "நல்லா இருக்காவ" என்பார்.

நோட்டை மாற்ற வேண்டும் என்றாள் மதினி. பணத்துக்காக இல்லை. "காசா மாறிட்டா, அவிய அனுப்புனது நெசம்னு ஆயிரும்லா. பொறவு பெரியப்பா எப்படி என் கழுத்துல கை வைப்பாவ?" அப்போது எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த வயது. ஒரு கழுத்து எம்புட்டுப் பெரிய விஷயம் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

இருவரும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடைக்காரர், முன்பு பினாங்கில் கடை வைத்திருந்தவர், மலாயாப் பணமான வெள்ளியை வாங்கி ரூபாய் கொடுப்பார் என்று கேள்வி. அவர் ஷீட்டைப் பிரித்ததும் ரப்பர் காயவைக்கும் புகையின் வாடை கடையை நிறைத்தது. ஒரு நோட்டை வெளிச்சத்தில் பிடித்தார்.

"குலை தள்ளியிருக்கு பாரு தாயி. பழுத்ததும் வா, தாரு வெட்டி வித்துருவோம்."

கடைப்பையன்கள் சிரித்தார்கள். மதினி சிரிக்கவில்லை என்று கண்டதும் அவர் குரலை இறக்கினார்.

"இது ஜப்பான்காரன் அடிச்சது. கேட்ட ஒடனே பணம் தாரோம்னு எழுதியிருக்கான். யாருகிட்டப் போய்க் கேப்ப? அந்தச் சர்க்காரே இல்ல."

"சர்க்கார் இல்லாட்டா, அது குடுத்த சம்பளமும் இல்லைன்னு ஆயிருமா, மொதலாளி?"

அவர் மேசைக்கடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்துத் திறந்தார். விளிம்பு வரை வாழைமரம். மகாராஜபுரத்திலிருந்து, எங்கெங்கிருந்தோ வந்தவர்கள், திரும்பக் கொண்டுபோக மனசில்லாமல் விட்டுப்போனவை. "ஒண்ணுலயும் நம்பர் கெடையாது. எது எவன் சம்பளம்னு அவன் வந்தாக்கூடச் சொல்ல முடியாது" என்றார். பேசும்போதே எங்கள் நோட்டு ஒன்று அவர் கையிலிருந்து நழுவிப் பெட்டிக்குள் விழுந்தது.

மதினி பாய்ந்து கையை விட்டாள். எது எங்களுடையது? ஒவ்வொன்றாக எடுத்து மூக்கில் வைத்து வைத்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் அதே புகை. எல்லாம் ஒரே மனிதனின் மடியிலிருந்து வந்தது போல. கடையில் யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் ஏதோ ஒன்றை எடுத்து எங்கள் நோட்டுக்கட்டில் சொருகிக்கொண்டாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த ஒன்றை நினைத்துக்கொண்டே வந்தேன். அது யாரோ?

நோட்டு செல்லவில்லை என்று தெரிந்ததும் பெரியப்பா மறுபடி வந்து உட்கார்ந்தார். அம்மாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. தூரம் போனவனிடமிருந்து தகவல் இல்லையென்றால், வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில், பெற்றவள் வெறும் குலுக்கைக்குள் தலையை விட்டு அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். ஆள் உயரத் தானியக் குலுக்கை, மண்ணால் செய்தது. அதற்குள் போட்ட குரல் அவன் காதில் போய் விழும் என்பார்கள். கட்டு வந்த நாளிலிருந்து அம்மா கூப்பிடுவதை நிறுத்தியிருந்தாள், அவன்தான் வருகிறானே. அந்த வெள்ளிக்கிழமை மறுபடி முக்காலியைப் போட்டு ஏறினாள்.

கூப்பிட்டாள். மண் அந்தப் பெயரை வாங்கிச் சுற்றி அடித்தது.

"இருக்கேன்!"

அம்மா முக்காலியிலிருந்து விழப் போனாள். "ஏட்டி, கேட்டியா? எம்புள்ள பேசுதான்!"

குரல் வந்தது கொல்லையிலிருந்து. ஓடினோம். விறகைக் கீழே போட்டுவிட்டு, கைகளை உடம்போடு ஒட்டி, வரிசையில் நிற்கிறவர் போல நிமிர்ந்து நின்றார் வந்தவர். கண் எங்களைப் பார்க்கவில்லை.

மதினிதான் கேட்டாள். "கூப்பிட்டது அவியள. நீங்க ஏன் பதில் சொன்னீய?"

அவர் தரையில் உட்கார்ந்தார். சொல்லச் சொல்ல அவர் குரல் சிறுத்துக்கொண்டே போனது. தோட்டத்திலிருந்து ஜப்பான்காரர்கள் சயாம் காட்டில் ரயில் பாதை போடும் வேலைக்கு இருவரையும் ஏற்றிப் போயிருக்கிறார்கள். விடிந்ததும் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள். பதில் இல்லாதவனுக்கு அரிசியும் கிடையாது, கூலி நோட்டும் கிடையாது. மழைக்காலத்தில் அண்ணன் காய்ச்சலில் குடிசையில் கிடந்தபோது, அண்ணன் பெயருக்கும் இவரே வேறு குரலில் பதில் சொல்லியிருக்கிறார்.

"பொறவு?"

"பொறவு, அந்த மழையிலயே போயிட்டாவ. மறுநாளும் கூப்பிட்டான். என் வாய் தன்னால இருக்கேன்னுட்டுது. நிறுத்த வரல, மதினி. நிறுத்துனா செத்துருவாவள்லா." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அரிசிய நான் தின்னேன். நோட்டத் தொடல. ஒண்ணுகூடத் தொடல. அது அவியளது."

அம்மா, "இவன் பொய் சொல்லுதான், இவன் பொய் சொல்லுதான்" என்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். மதினி அழவில்லை. அவர் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிவந்து குலுக்கைக்கு எதிரே உட்கார வைத்தாள். முக்காலியில் ஏறினாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயால் அண்ணன் பெயர் வந்ததில்லை. அந்தப் பெயரில் ஒரு சாமி இருந்ததால் கோவிலில்கூட வாயை மூடிக்கொண்டு கும்பிடுகிறவள். அவள் குலுக்கைக்குள் தலையை விட்டு, முழுப் பெயரையும், தெளிவாக, ஒரு தடவை சொன்னாள்.

நான் வந்தவரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதடு திறந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தப் பள்ளம் விழுந்த கால் தரையில் தட்தட்டென்று அடித்துக்கொண்டது. குலுக்கைக்குள் பெயர் சுற்றிச் சுற்றி இறங்கி அடியில் போய் அடங்கிற்று. மதினி காதைச் சாய்த்தபடியே இருந்தாள். நாங்களும் இருந்தோம். வெளியே யாரோ மாட்டை அதட்டும் சத்தம் மட்டும்.

பதில் இல்லை.

அவள் தலையை வெளியே எடுத்தபோது முடியெல்லாம் பழைய தானியத் தூசி. இறங்கினாள். என்னைப் பார்த்தாள்.

"கெணத்தடிக்கு வாட்டி. தலைக்குத் தண்ணி ஊத்து."