சுவரைத் தட்டும் நாயகன்

சிங்கப்பூர் லிட்டில் இந்தியா வாசகர் வட்டத்தில் அன்று ஒரு கடினமான நாவலைப் பற்றிப் பேசினேன். அதன் நாயகன் அத்தியாயம் தவறாமல் தன் அறைச் சுவரைத் தட்டுகிறான். அது மனிதனின் தனிமைக்குப் படிமம் என்று அரை மணி நேரம் விளக்கினேன். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். கைதட்டல் எனக்குப் போதையாக இருந்தது.

துவாஸ் கப்பல் பட்டறையில் பெயிண்ட் அடிக்கும் செல்வம் அண்ணன் கையைத் தூக்கினார். வாரத்தின் ஒரே விடுமுறையையும் எங்களோடு கழிப்பவர்.

“தம்பி, கப்பல் டேங்குக்குள்ள வேலை செய்யறப்ப நாங்களும் தட்டுவோம். உள்ள ஆள் இருக்கோம், மூடிடாதீங்கன்னு. அவனும் பயந்துதான் தட்டுறானோ?”

“அண்ணே, இது இலக்கியம் லா. உங்க ஷிப்யார்டு இல்ல!”

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு நாவலைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போகும் ரயிலில் நாவலைப் புரட்டினேன். அவன் தட்டும் ஒவ்வொரு இடத்திலும் பயம்தான் இருந்தது. உடனே மன்னிப்புக் கேட்டுச் செய்தி அனுப்பினேன்.

“பரவால்ல தம்பி, எனக்குப் படிப்பு பத்தாது” என்று பதில் வந்தது. அதன்பின் அவர் வரவே இல்லை.

‘எனக்குப் படிப்பு பத்தாது.’ என் பள்ளி ஆசிரியர்களிடம் அப்பா தலைகுனிந்து சொல்லும் அதே வார்த்தைகள். அப்போதெல்லாம் அந்த ஆசிரியர்கள் மேல் எனக்குக் கோபம் வரும். இப்போது ஒருவரை அப்படிச் சொல்ல வைத்தவன் நான். இத்தனை படித்தது இதற்குத்தானா என்று தெரியவில்லை.