விலை விழுந்ததை முதலில் கேட்டவள்

மலைமேல் செம்மேடு பஸ் ஸ்டாண்டை ஒட்டியிருந்த விவசாயிகள் தகவல் மையத்தில் எனக்குப் போன் எடுக்கும் வேலை. பிறந்ததிலிருந்தே எனக்குக் கண் தெரியாது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்றை என் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். இங்கிலீஷில் கடகடவென்று படிக்கும். மிளகு விலை ஏறி இறங்குவதைக் கோடாகக் காட்டும் படம் வந்தால் மட்டும் 'கிராபிக்' என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விடும்.

வாராவாரம் அந்தப் படத்தை நாமக்கல் அலுவலகத்திலிருந்து இணையத்தில் ஏற்றுவார்கள். மையத்தைப் பார்த்துக்கொண்ட அக்காவும் மிளகு விற்க வந்தவர்களும் பக்கத்து மேசைத் திரையைச் சுற்றி நிற்பார்கள். திடீரென்று எல்லோரும் ஒன்றாக "அடேங்கப்பா!" என்பார்கள்.

"என்னங்க, என்னங்க?" என்பேன்.

"வெல ஏறிருச்சு கண்ணு" என்பார் அக்கா.

விலை தெரிந்துவிடும். அந்த அடேங்கப்பா மட்டும் எனக்கு வராது. ஒரே பார்வையில் அது கிடைத்தவர்கள்மேல் பொறாமை பொங்கும். அன்றைக்கு யாரோடும் பேசப் பிடிக்காது.

ஒருநாள் பொறுக்காமல், நாமக்கல்லில் அந்தப் படம் போடுகிற பெண்ணுக்கே போன் செய்தேன்.

"ஏனுங்க, உங்க படம் எனக்கு ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குதுங்க."

"படம் எப்படிங்க சொல்லும்?"

"அதோட நாலு வரி எழுத்தாப் போட்டா, இந்தக் கம்ப்யூட்டரு படிச்சிருமுங்க."

அடுத்த வாரம் 'மிளகு விலைப் படம்' என்று மட்டும் வந்தது. அதற்கடுத்த வாரம் எண்களாகக் கொட்டியதில் தலைவலிதான் வந்தது. மறுபடி கூப்பிட்டேன்.

"படத்தப் பாத்ததும் மொதல்ல உங்களுக்கு என்னங்க தோணுது?"

யோசித்தாள். "மழை முடியற வரைக்கும் படுத்தே கெடக்குதுங்க. அப்புறம் சடார்னு எந்திரிச்சு நிக்குது."

"அதையே எழுதுங்க. எண்ணெல்லாம் கீழ இருக்கட்டும், வேணுங்கறப்பக் கேட்டுக்கறேன்."

அதையே இங்கிலீஷில் எழுதினாள்.

அப்போதெல்லாம் மலையில் இணையம் நகர்ந்து நகர்ந்துதான் வரும். எழுத்து முதலில் வந்துவிடும், படம் மேலிருந்து கீழே துண்டு துண்டாக இறங்கும். ஒரு சந்தை நாளில் எல்லோரும் படத்துக்குக் காத்திருந்தபோது, ஹெட்போன் போட்டிருந்த நான் என்னையறியாமல் கத்திவிட்டேன்.

"அய்யோ, உழுந்துருச்சே!"

"என்ன உழுந்துச்சு? சொல்லு கண்ணு!" அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

உடனே சொல்லவில்லை. கொஞ்ச நேரம் எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். பிறகு சொன்னேன். மலையில் திருப்புலி நாடு என்கிற ஊர்ப் பக்கமிருந்து வந்தவர் ஒருவர், இறக்கிய மூட்டையைத் திரும்ப பஸ்ஸில் ஏற்றக் கிளம்பினார்.

படம் முழுசாக இறங்கியது. "கோட்டுக்கு இந்த வாரம் செவப்புப் போட்டிருக்கறா, எடுப்பா இருக்குது" என்றார் அக்கா. மற்றவர்கள் ஆமோதித்தார்கள். அந்தச் சிவப்புக்குப் பொறாமைப்பட்டுக்கொண்டே, அடித்த போனை எடுத்தேன்.