கொதித்த ஸ்டியரிங் எண்ணெய்

வெயில் ஏறியதும் அந்தக் கருகல் வாடை தொடங்கிவிடும். எண்பதுகளின் நடுவில், தெலுக் பங்லிமா காராங் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் என் அக்காவின் கணவர் ஓட்டிய பழைய டிராக்டரின் வாடை அது. அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். வெட்டிய பழக்குலைகளை ஏற்றிவிடுவது நாங்கள் சில பெண்கள். வேலை முடிந்ததும் டிராக்டர் இழுக்கும் திரேலரில், குலைகளுக்கு மேலேயே உட்கார்ந்து திரும்புவோம். காலையில் லேசாகத் திரும்பும் ஸ்டியரிங், மதியத்துக்குள் மாமாவின் இரண்டு கைக்கும் அடங்காது. ஸ்டியரிங்குக்குப் போகும் எண்ணெய் கொதித்துப்போகிறது, வண்டியைப் பட்டறைக்கு விட வேண்டும் என்று அவர் மேனேஜரிடம் பலமுறை சொல்லிப் பார்த்தார். குலைகள் எண்ணெய் ஆலைக்குப் போவது தடைப்படக்கூடாது என்பதுதான் மேனேஜரின் கவலை. "எண்ணெ கொறஞ்சா ஊத்திக்க. வண்டி நிக்கக்கூடாது," என்றார். என் காதுபடச் சொன்னார்.

ஒருநாள் மதியம் கால்வாய் ஓரத்தில் ஸ்டியரிங் அடியிலிருந்த எண்ணெய்க் குழாய் வெடித்தது. கொதித்த எண்ணெய் மாமாவின் வலது கையில் பீய்ச்சியடித்தது. வேறு யாராக இருந்தாலும் குதித்திருப்பார்கள். பின்னால் நாங்கள் இருந்தோம். வெந்த கையோடு ஸ்டியரிங்கை வளைத்துப் பிடித்து, வண்டியை ஒரு செம்பனை மரத்தில் சாய்த்து நிறுத்திவிட்டுத்தான் கத்தினார். ஓடிவந்த மேனேஜர் முதலில் குனிந்து பார்த்தது டிராக்டரை.

மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும் அந்த இடத்தில், மேனேஜர் எல்லார் முன்னாலும் டிரைவரின் கவனக்குறைவு என்றார். மாமா அப்போது கிள்ளான் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே போனாள். "வண்டி சூடாவுதுன்னு அவரு எத்தன தடவ சொன்னாரு? கவனம் யாருக்கு இல்ல சார்?" என்றாள். அன்று நாங்கள் ஒருத்தியும் குலை ஏற்றப் போகவில்லை.

அதன்பிறகுதான் கிள்ளானிலிருந்து மெக்கானிக் வந்தார். எண்ணெயைக் குளிர்விக்கும் கூலரில் தூசியும் நாரும் அடைத்திருந்தன. அதைக் கழுவி, புதுக் குழாய் போட்டு, பழைய எண்ணெயை வடித்து மாற்றினார். மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது. எனக்கு இன்றும் ஆறாதது அதுதான். ஒரு காலை நேர வேலை. அதற்கு மனமில்லாமல் ஒரு மனிதனின் கையைப் பறித்துக்கொண்டார்கள். தோல் இழுத்து, மாமாவின் விரல்கள் மடங்காமல் போயின. டிரைவர் வேலை போனது. போர்ட் கிள்ளான் கிடங்கு ஒன்றில் கேட் திறந்துவிடும் வேலைக்குப் போனார்.

தொண்ணூறுகளில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்யாணத்தில் அந்த மேனேஜர் என்னை அடையாளம் கண்டு சிரித்துக்கொண்டே வந்தார். மாமாவை விசாரித்து, "நல்ல டிரைவர்லா அவரு," என்றார்.

"அத அன்னைக்குப் பெரட்டுல சொல்லியிருக்கணும் சார்," என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது. பந்தியைக் காட்டினேன். அங்கே மாமாவின் இலையில் அக்கா சோறு பிசைந்துகொண்டிருந்தாள். ஒரு பார்வைதான் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் போய்விட்டார். மாமாவிடம் வரவே இல்லை.