டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்த நாட்கள்

காரில் பாட்டுக் கேட்கிறவர் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். அந்தப் பாட்டுக்கு வயர் இழுக்கிறவன் கிளட்ச் பெடலுக்குப் பக்கத்தில் தலையையும், சீட்டின் முதுகில் காலையும் வைத்துத் தலைகீழாகக் கிடப்பான்.

எண்பதுகளின் நடுவில் ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டோரம் கடை போட்டேன். அதற்கு முன்னால் லாரிகளுக்கு ஹெட்லைட், ஹார்ன் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன். அப்போதெல்லாம் கார் வாங்கினால் கூடவே பாட்டு வராது. கேசட் போடுகிற செட்டை ஒரு ஊரில், ஸ்பீக்கரை இன்னொரு ஊரில் வாங்கிவந்து நம் மேஜையில் வைத்துவிட்டு, "சாயங்காலம் வாரேன்" என்று போய்விடுவார்கள். தரைவிரிப்புக்கு அடியில் வயரை ஓட்டி, கதவு ஓரமாக ஏற்றி, பின் கண்ணாடிக்குக் கீழே இருக்கிற பலகை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வயர் கண்ணில் படக் கூடாது. தகரத்தில் உரசவும் கூடாது. உரசினால் என்ன ஆகும் என்பதை, என்னைப் போலவே இந்தத் தொழிலில் புருவத்தைப் பொசுக்கிக்கொண்ட சக வயர்க்காரர்களான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பக்கத்துக் கடை சேவியர், கார் சீட் தைக்கிறவர். வயருக்காக நான் பிரித்துப் போடுகிற சீட்டையெல்லாம் பழையபடி மாட்டிக் கொடுப்பது அவர்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, உண்மையைச் சொல்கிறேன்: நான் இழுத்த வயர் புகைந்தது என்று ஒரு வண்டிகூடத் திரும்பி வந்ததில்லை. மற்ற எல்லாக் காரணத்துக்கும் வந்திருக்கிறது.

ஓட்டை போடாத வேலை

புது அம்பாசிடர் ஒன்று வந்து நின்றது. ஓட்டிவந்தவர் மில் முதலாளி. பக்கத்தில் அவர் மகன், மடியில் செட் இருந்த அட்டைப்பெட்டியைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்பாவைச் சம்மதிக்கவைக்க அவன் எத்தனை நாள் பட்டினி கிடந்தானோ தெரியவில்லை, முகம் அப்படி இருந்தது. முதலாளி இறங்கியதும் சொன்ன முதல் வார்த்தை, "என் வண்டியில எங்கயும் ஓட்டை போடக் கூடாது." இரண்டாவது வார்த்தையும் அதுதான். என் கடை ஸ்டூலை இழுத்து வண்டிக்கு நேரே போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தால்கூட அவர் பாதி எழுந்திரிப்பார்.

ஓட்டை போடாமல் செய்ய முடியாத வேலை என்று எனக்கு எதுவும் கிடையாது. கம்பெனிக்காரனே வயர் போக விட்டிருந்த துளையில் என் வயரையும் நுழைத்தேன். டேஷ்போர்டில் ஏற்கெனவே இருந்த திருகுகளிலேயே பட்டை கொடுத்து செட்டைத் தொங்கவிட்டேன். ஸ்பீக்கருக்கு இரண்டு மரப்பெட்டி அடித்து, பின் பலகையில் ரப்பர் விரித்து உட்காரவைத்துப் பட்டையால் இறுக்கினேன். சுவிட்சைப் போட்டதும் நாதஸ்வரம் வண்டி நிறையக் கேட்டது. மகன் முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியது. முதலாளி எழுந்து வந்து, டேஷ்போர்டுக்கு அடியில் விரலை விட்டுத் தடவினார். பெட்டிகளைத் தூக்கிப் பார்த்தார். டிக்கியைத் திறந்து அண்ணாந்து பார்த்தார். எங்கும் ஒன்றும் இல்லை. சந்தேகம் மட்டும் தீராமல் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"இம்புட்டு சத்தம் வருதே, ஓட்டை இல்லாம எப்படிய்யா வரும்?"

மாப்பிள்ளை வண்டி

ஒரு நாள் மத்தியானம், மாலைத் தோரணம் கட்டிய கார் ஒன்று கருகின வாடையோடு வந்து நின்றது. பின்சீட்டில் பட்டு வேட்டியில் மாப்பிள்ளை. சுந்தரபாண்டியத்திலிருந்து வருகிறார்கள், பெண் வீடு ராஜபாளையம். டிரைவர் முருகேசன் குதித்து இறங்கி, "அண்ணாச்சி, போன வாரம் வெளியூர்ல செட்டு மாட்டுனேன். வண்டி ஓடுனா பாட மாட்டேங்குது, நின்னா பாடுது" என்றான். நான் உள்ளே ஏறி சாவியைத் திருப்பினேன். சத்தம் இல்லை. எதற்கோ காலை ஊன்றினேன், பாட்டு அலறியது. காலை எடுத்தேன், நின்றது. என் கால் இருந்தது பிரேக்கின் மேல்.

செட்டு மாட்டிய புண்ணியவான், பின்னால் எரிகிற பிரேக் விளக்கின் வயரில் செட்டுக்குக் கரண்ட் எடுத்திருக்கிறான். பிரேக் மிதித்தால் விளக்கு எரியும், பாட்டும் வரும். முருகேசன் இதை வழியிலேயே கண்டுபிடித்துவிட்டான். "மாப்பிள்ளை பாட்டு வேணும்னாரு. வில்லிபுத்தூர் தாண்டுனதுல இருந்து பிரேக்கை மிதிச்சுக்கிட்டேதான் வாரேன்" என்றான். சக்கரத்தின் பக்கம் கையைக் கொண்டுபோனேன். தோசைக்கல் மாதிரி அனல் அடித்தது.

அதற்கு மேல் எனக்குப் பாட்டு முக்கியமாகப் படவில்லை. மாப்பிள்ளையை இறக்கி சேவியரின் கடையில், பாதி தைத்த சீட்டில் உட்காரவைத்தேன். எதிர் ஷெட் மெக்கானிக்கைக் கூப்பிட்டு நாலு சக்கரத்தையும் பார்க்கச் சொன்னேன். அவர் பார்த்து முடிப்பதற்குள் நான் வயரைச் சாவி போட்டால் கரண்ட் வருகிற லைனுக்கு மாற்றி, பியூஸ் ஒன்றும் போட்டுவிட்டேன். பெண் வீட்டிலிருந்து சைக்கிளில் தேடி வந்த ஆள், நல்ல நேரம் போகிறது, பாட்டெல்லாம் பொறவு பார்த்துக்கொள்ளலாம் என்று குதித்தார். மாப்பிள்ளைதான் நிதானமாகச் சொன்னார்:

"இருங்க மாமா. பாட்டு இல்லாமக்கூட வந்துருவேன், பிரேக்கு இல்லாம வந்தா பந்தலுக்குள்ளதான் போயி நிப்பேன்."

ஃபாதரின் பிளஸ்

நம் ஊர் வண்டிகளில் பேட்டரியின் மைனஸைத்தான் வண்டியின் உடம்போடு சேர்த்திருப்பார்கள். அதுதான் எர்த். ஆனால் ரொம்பப் பழைய சில வெளிநாட்டு வண்டிகளில் இது தலைகீழ். பிளஸ் உடம்போடு சேர்ந்திருக்கும். தெரியாமல் செட்டை மாட்டினால் செட் அங்கேயே சமாதி. அப்படி ஒரு கிழட்டு வண்டியை வைத்திருந்தார் ஒரு பங்குச் சாமியார். கிராமம் கிராமமாகப் போகும்போது பாடகர் குழுவின் பாட்டைக் காரிலேயே போட்டுக் கேட்டு, எங்கே சுருதி விலகுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும் என்று ஆசை. மூன்று கடைகளில் கேட்டிருக்கிறார். "வண்டியை மாத்துங்க ஃபாதர்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அவர் வண்டியை மாற்றுகிற மாதிரி இல்லை. பானட்டைத் திறந்து, என்னைத் தொடவிடாமல் அவரே எல்லாம் விளக்கிச் சொன்னார். அந்த வண்டியின் ஒவ்வொரு நரம்பும் அவருக்குத் தெரிந்திருந்தது.

நான் யோசித்தது ஒன்றுதான். வண்டியின் உடம்பு பிளஸ், செட்டின் உடம்பு மைனஸ். இரண்டும் தொட்டுக்கொள்ளாத வரைக்கும் சண்டை இல்லை. தேக்குப் பலகையில் தொட்டி மாதிரி செய்து, உள்ளே ரப்பர் ஒட்டி, அதற்குள் செட்டை உட்காரவைத்தேன். ஒரு திருகுகூடத் தகரத்தில் படவில்லை. ஏரியல் வயர் உடம்பைத் தொடும் என்பதால் ரேடியோ கிடையாது, கேசட் மட்டும்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். இரண்டு வயரையும் தனித்தனியாக பேட்டரிக்கே கொண்டுபோனேன். கடைசி இணைப்பைக் கொடுக்கிற நேரத்தில் முகத்தை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்துக்கொண்டேன். சேவியர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். பாட்டு வந்தது, புகை வரவில்லை. "இப்படி ஏறுக்குமாறா ஒரு வண்டியை ஏன் ஃபாதர் வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். பின்சீட்டில் கண்ணை மூடிப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தவர், கண்ணைத் திறக்காமலே கழுத்துச் சிலுவையைத் தொட்டுச் சொன்னார்:

"சாமியார் வண்டியில பிளஸ்தானப்பா அஸ்திவாரமா இருக்கணும்?"

பெருமாளுக்கு சுவிட்ச்

வன்னியம்பட்டி பக்கத்து டாக்ஸிக்காரர் கருப்பையா, ஒரு புரட்டாசி ஞாயிற்றுக்கிழமை நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு என்னோடு சண்டைக்கு வந்தார். அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, வில்லிபுத்தூர் பக்கத்தில் இருக்கிற திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்கு ஆள் ஏற்றிப் போய்விட்டு வந்து வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தியிருக்கிறார். விடிந்ததும் தெருவில் ஒரு பெண்ணுக்கு இடுப்பு வலி. வில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போக வண்டியை எடுத்தால், பேட்டரி செத்துக் கிடக்கிறது. தெருவே சேர்ந்து தள்ளி, ஒருவழியாகக் கிளம்பிப் போய்ச் சேர்ந்து, தாயும் பிள்ளையும் நல்லபடியாக இருக்கிறார்கள். ஆனால் அந்தத் தள்ளலில் எல்லோருக்கும் உயிர் போய் உயிர் வந்திருக்கிறது. "நீரு மாட்டுன செட்டுதான்யா பேட்டரியைக் குடிச்சிட்டுது. ரெண்டு உசிரு போயிருக்குமே!" என்று கருப்பையா கத்தினார். கூட வந்தவர்களில் அந்தப் பெண்ணின் அம்மாவும் இருந்தார். அவர் கத்தவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அதுதான் என்னைச் சுட்டது.

பேட்டரியின் ஒரு வயரைக் கழற்றி, இடையில் என் டெஸ்ட் லாம்பை வைத்தேன். சாவி போடாத வண்டியில் விளக்கு எரியக் கூடாது. எரிந்தது. எல்லோரும் பார்க்க, செட்டின் பியூஸைப் பிடுங்கிக் கருப்பையாவின் கையில் கொடுத்தேன். விளக்கு இன்னும் எரிந்தது. "செட்டு உங்க கையில இருக்கு. இப்ப கரண்டை யாரு குடிக்கா?" என்று கேட்டுவிட்டு உள்ளே தேடினேன். டேஷ்போர்டின் மேல் புதிதாகப் பெருமாள் படம், அதைச் சுற்றிச் சின்னச் சின்ன கலர் பல்புகள். புரட்டாசி பிறந்ததற்காகக் கருப்பையாவே நேராக பேட்டரியிலிருந்து வயர் இழுத்திருக்கிறார். வெயிலில் பல்பு எரிவது கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த வயரை எடுத்தேன், டெஸ்ட் லாம்ப் அணைந்தது. "சாவி போட்டா மட்டும் எரியிற மாதிரி மாத்தித் தாரேன்" என்றேன். கருப்பையா படத்தைப் பார்த்தார், குரலை இறக்கி, "பெருமாளுக்குப் போயி எப்படி சுவிட்ச் போடுறது?" என்றார். அதுவரைக்கும் வாயைத் திறக்காத அந்த அம்மா அப்போதுதான் பேசினார்:

"ஏலே, கோயில்லயே ராத்திரி நடை சாத்துறாகல்லா? நீயும் சாத்துலே."

ஒரு ஆளுக்கு மட்டும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பாத்திரக்கடை வைத்திருந்த ஒருவருக்கு ஏற்கெனவே செட் மாட்டிக் கொடுத்திருந்தேன். ஒரு நாள் திரும்பி வந்தார். புகார் இல்லை. "பின்சீட்ல இருக்கிற ஒரு ஆளுக்கு மட்டும் கேக்கணும், முன்னால ஓட்டுற எனக்குக்கூடக் கேக்கக் கூடாது. முடியுமா?" என்றார். முடியும் என்றேன். காரணம் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். தங்கை செல்வியின் புருஷன் சவுதியில் இருக்கிறார். கடிதத்துக்குப் பதிலாக கேசட்டில் பேசி அனுப்புவார். வீட்டில் டேப் ரிக்கார்டர் இருப்பது கூடத்தில். கேசட் வந்தால் மாமனார், மாமியார், நாத்தனார், பக்கத்து வீடு எல்லாம் சுற்றி உட்கார்ந்துவிடும். அது தெரிந்து அவரும் ஓடு மாற்றியாச்சா, கிணறு வற்றிவிட்டதா என்று ஊருக்குத்தான் பேசுவார். கடைசியில், "செல்வி நல்லாயிருக்காளா" என்று ஒரு வரி. இந்தத் தடவை ஊருக்கு வந்த நண்பர் ஒருவர் மூலமாகத் தனியாக ஒரு கேசட் கொடுத்துவிட்டிருக்கிறார். அது வந்து பத்துப் பன்னிரண்டு நாளாகியும், கேட்க இடமில்லாமல் அந்தப் பெண் சேலை மடிப்புக்குள்ளே வைத்திருக்கிறாள்.

நான் கை வைத்த வயர்களிலேயே ரொம்பச் சின்ன வேலை அது. ஸ்பீக்கருக்குப் போகிற லைனில் ஒரு சுவிட்ச். அதைத் திருப்பினால் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும், சத்தம் பின்சீட்டின் பக்கவாட்டில் நான் பதித்த சாக்கெட்டுக்குப் போகும். அதில் ஹெட்போனைச் செருகிக்கொள்ளலாம். சேவியர் அந்தச் சாக்கெட் தெரியாத மாதிரி சீட் துணியிலேயே ஒரு மூடி தைத்துக் கொடுத்தார். மறுநாள் அண்ணனும் தங்கையும் வந்தார்கள். அவள் பின்சீட்டில் ஏறி ஹெட்போனை மாட்டிக்கொண்டதும், நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் எதிர்ப்புற டீக்கடைக்குப் போய்விட்டோம்.

கார் கண்ணாடி திறந்துதான் இருந்தது. ரோட்டில் பஸ் போனது, பஞ்சு லாரி போனது. அவளுக்கு எதுவும் கேட்கவில்லை என்பது தெரிந்தது. முதலில் சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு சிரித்தாள், கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். முன்சீட்டுப் பக்கம் எட்டி கேசட்டைப் பின்பக்கம் திருப்பிப் போட்டாள். அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. ஒலி சரியாக வருகிறதா என்று கேட்பது தொழில் முறை. அதனால் அவள் ஹெட்போனைக் கழற்றியதும் நான் மட்டும் போய்க் கேட்டேன். "அண்ணாச்சி, அவிய இருமுறதுகூடப் பக்கத்துல இருந்து இருமுற மாதிரி கேக்குது" என்றாள். வீட்டுக்குப் போகலாமா என்று கேட்க அண்ணனும் ரோட்டைத் தாண்டி வந்தார். அவள் ஹெட்போனை மறுபடியும் காதில் மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"செத்த நேரம் அந்தப் பக்கமா நில்லுங்கண்ணே, இன்னொரு தடவை கேட்டுட்டு வாரேன்."

இத்தனை வண்டிகளுக்குப் பாட்டு மாட்டிக் கொடுத்த எனக்குக் கடைசி வரைக்கும் சொந்தமாக இருந்தது ஒரு சைக்கிளும் அதன் மணியும்தான். அதில் வயரே கிடையாது என்பதால் என்னோடு நானே சண்டைக்குப் போக வேண்டிய அவசியம் மட்டும் ஏற்படவில்லை.