வீட்டுக்கு வராத துப்பாக்கி

நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் வேடியப்பன் அதை ஒரு சாண் திருப்பிப் போடுவார். செங்கம் சாலையில் இருக்கும் அந்த வங்கிக் கிளையின் கண்ணாடிக் கதவுக்கு எதிரே, ஊரே சாமியாகக் கும்பிட்டுச் சுற்றிவரும் மலை நிற்கிறது. நேராக உட்கார்ந்து இரட்டைக் குழல் துப்பாக்கியை முழங்கால்களுக்கு நடுவே பிடித்தால் குழல் மலைப்பக்கம் சாயும். அது அவருக்கு ஆகாது. ஆகவே நாற்காலி எப்போதும் கொஞ்சம் கோணலாக, பாஸ்புக் அச்சிடும் இயந்திரத்தைப் பார்த்தபடி கிடக்கும். பெருக்க வரும் ஆராயி தினமும் அதை நேராக்கிவிட்டுப் போவாள். தினமும் இவர் திருப்பிப் போடுவார். பதினாறு வருடமாக இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

வயது ஐம்பத்தெட்டு. கீழ்பென்னாத்தூர் பக்கத்துக்காரர். பட்டாளத்தில் பதினேழு வருடம் இருந்து ஹவில்தாராக வெளியே வந்து, கொஞ்ச காலம் நிலத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை போட்டுப் பார்த்து, அது கட்டுப்படியாகாமல் துப்பாக்கி லைசென்ஸ் எடுத்து வங்கிக் காவலுக்கு வந்தவர். தலையில் இன்னும் பட்டாளத்து வெட்டுதான். நீலச் சட்டையின் கை மடிப்பில் விரல் வைத்தால் அறுத்துவிடும் போலிருக்கும். பேனாவைக் கயிற்றோடு இழுத்துக்கொண்டு போகிறவர்களை அவர் ஒரு பார்வை பார்ப்பார். பேனா தானாகத் திரும்பி வந்துவிடும்.

வங்கியில் சேர்ந்த நாளிலிருந்து இன்றுவரை அந்தத் துப்பாக்கி ஒரு தடவைகூட வெடித்ததில்லை. அதை அவர் பெருமையாகத்தான் சொல்வார். அம்மாவோடு வரும் பிள்ளைகள் கண் அகலக் கேட்கும், தாத்தா எத்தனை பேரைச் சுட்டிருக்கீங்க என்று. “ஒருத்தரையும் இல்ல கண்ணு. சுடாம இருக்கறதுக்குத்தான் சம்பளம்” என்பார். ஆசிரமத்துப் பக்கமிருந்து வருகிற வெளிநாட்டுக்காரர்கள் கதவைத் திறந்ததும் துப்பாக்கியைப் பார்த்து ஒரு அடி பின்வாங்குவது உண்டு. அப்போது அதை முதுகுப் பக்கம் ஒதுக்கிவிட்டு, வீட்டுக்கு வந்த சம்பந்தியை வரவேற்பதுபோலத் தலை குனிந்து “வாங்க” என்பார். நரைத்த முடி அம்மையார் ஒருவர், இவ்வளவு அமைதியான ஊரில் இது எதற்கு என்று ஆங்கிலத்தில் நீளமாகக் கேட்டார். பாதி புரிந்தது. “பேங்க் ரூல், மேடம்” என்று சொல்லி முடித்துக்கொண்டார்.

துப்பாக்கிக்கு அவர் வைத்திருக்கும் பெயர் ரேஷன் கார்டு. “ரெண்டு புள்ளைங்களையும் படிக்க வச்சது இதுதாங்க. பேங்க்காரங்க என்னயா வேலைக்கு வச்சாங்க? இத வச்சாங்க. நான் கூட வந்தேன், அவ்ளோதான்.”

வீட்டில் அந்தப் பெயர் செல்லாது. மனைவி உண்ணாமலைக்கு அது வெறும் ‘அது’. துப்பாக்கி என்ற சொல்லை அவர் வாயால் சொல்லிக் கேட்டவர்கள் இல்லை. துப்பாக்கி வீட்டுக்கு வந்துகொண்டிருந்த நாட்களில், சாயங்காலம் கணவர் வாசலில் கால் வைத்ததும், “அத உள்ள வச்சிட்டு, கை கழுவிட்டு வாங்க. காபி தரேன்” என்பார். ஆயுத பூஜைக்கு அரிவாள்மனை, கிரைண்டர், மகனுடைய பைக், சுவரில் தொங்கும் டார்ச் லைட்வரைக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார். பீரோவுக்குள் இருக்கும் அதற்கு மட்டும் வைக்க மாட்டார். வேடியப்பனும் வற்புறுத்தியதில்லை. விடுமுறை முடிந்து வங்கிக்குப் போய் அதற்குத் தானே ஒரு பொட்டு வைப்பார்.

மகள் மணிமொழியின் வெறுப்பு இன்னும் அழுத்தமானது. அவள் அரசு மருத்துவமனையில் நர்ஸ், அவசரப் பிரிவில். படிக்கும் காலத்திலேயே, ஜவ்வாது மலைப் பக்கத்திலிருந்து நாட்டுத் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து தூக்கிவரப்பட்ட ஒரு பையனின் காலை அவள் கையால் பிடித்திருக்கிறாள். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகு, துப்பாக்கி அங்கே இருந்தவரை மகள் தென்றலைத் தாத்தா வீட்டில் ஒரு பொழுதுக்கு மேல் தங்க விட்டதில்லை. பீரோவில் பூட்டித்தானே இருக்கிறது, சாவி என் அரைஞாண் கயிற்றில்தானே இருக்கிறது என்று வேடியப்பன் சொல்லிப் பார்த்தார். பூட்டு என்றால் திறக்கவும் செய்யும் என்றாள் அவள். பேச்சு எப்போதும் அங்கேயே நின்றுவிடும்.

மூன்று வருடங்களுக்கு முன்பு மகன் செழியன் ஒசூரிலிருந்து வேலை போய் வந்து சேர்ந்தான். கம்பெனி ஒரே நாளில் இருநூறு பேரை வேண்டாமென்று சொல்லியிருந்தது. பேசி வைத்திருந்த பெண் வீட்டாரும் அடுத்த மாதமே வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அவன் அறைக்குள் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். முகம் மழிப்பதில்லை. போன் எடுப்பதில்லை. வேடியப்பனுக்கு அது சோம்பலாகத்தான் தெரிந்தது. விடிந்ததும் எழுந்து அஞ்சு கிலோமீட்டர் ஓடினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அவர் வைத்தியம். கதவுக்கு வெளியே நின்று அதையே தினமும் சொல்லிவிட்டு, துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மணிமொழி வந்தாள். தம்பியோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வெளியே வந்தவளின் கையில் அவனுடைய கைக்கடிகாரம் இருந்தது. தென்றல் பெரியவளானதும் கொடு என்று சொல்லிக் கொடுத்திருக்கிறான். அவள் அதை அப்பாவிடம் காட்டினாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாமன் மருமகளுக்குக் கொடுக்கிறான், நல்லதுதானே என்றார்.

“அப்பா, கொஞ்ச நாளைக்கு அது இந்த வீட்டுல வேணாம்” என்றாள் மணிமொழி, குரலைத் தாழ்த்தி. “தம்பி மொகம் சரியில்ல. எமர்ஜென்சில நான் தெனமும் பாக்கற மொகம் அது.”

அவள் என்ன சொல்கிறாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததால்தான் கோபம் வந்தது. என் பிள்ளையைப் பற்றி அப்படிப் பேச உனக்கு எப்படி வாய் வந்தது என்றார். உன் ஆஸ்பத்திரியை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வா என்றார். மூன்று ஞாயிறுகள் அவள் வந்து கேட்டாள். மூன்று முறையும் அதே பதில்.

நான்காவது வாரம் திங்கட்கிழமை, கலெக்டர் அலுவலகத்தில் மனு வாங்கும் நாளில், மணிமொழி வரிசையில் நின்றாள். பட்டா கேட்டும் ஓய்வூதியம் கேட்டும் வந்தவர்களுக்கு நடுவே நின்று, தன் தகப்பனார் பெயரிலுள்ள துப்பாக்கியை வீட்டிலிருந்து அகற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு டூட்டிக்குப் போனாள்.

இரண்டு நாளில் போலீஸ் வந்தது. ஜீப் தெருவில் நின்றது. விசாரணை முடியும்வரை துப்பாக்கியும் தோட்டாக்களும் ஸ்டேஷனில் இருக்க வேண்டும் என்று எஸ்.ஐ. மரியாதையாகத்தான் சொன்னார். மனு கொடுத்தது யார் என்று கேட்டபோது பேப்பரைத் திருப்பிக் காட்டினார். அந்தக் கையெழுத்தை வேடியப்பனுக்குத் தெரியும். அவள் முதல் வகுப்பு படித்தபோது, பட்டாளத்திலிருந்து விடுப்பில் வந்து அவர் கூட உட்கார்ந்து எழுத வைத்த கை. துப்பாக்கியையும் தோட்டாக்களையும் எடுத்துக் கொடுத்துவிட்டு ரசீது வாங்கிக்கொண்டார். எதிர்வீட்டு மாடியில் நான்கு தலைகள் தெரிந்தன. உண்ணாமலை மட்டும் அன்று சாயங்காலம் கை கழுவச் சொல்லாமலே காபி கொண்டுவந்து வைத்தார்.

துப்பாக்கி இல்லாத காவலருக்கு வங்கியில் வேலையில்லை. வேறொருவர் வந்து அந்த நாற்காலியில் நேராக உட்கார்ந்துகொண்டார். மகள் போன் செய்தால் வேடியப்பன் எடுக்கவில்லை. அவள் வாசலுக்கு வந்தால் இவர் கொல்லைப்பக்கம் போனார். இப்படி ஆறு வாரம்.

அந்த ஆறு வாரமும் அவர் வீட்டிலேயே இருந்தார். பட்டாளத்தில் பாதி, வங்கியில் பாதி என்று போன வாழ்க்கையில், பிள்ளை என்ன செய்கிறான் என்று பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்கு அதுதான் முதல்முறை. தட்டு போனபடியே திரும்பி வருவதைப் பார்த்தார். ஃபேன் சுற்றுவதையே அவன் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். ஓடச் சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

ஒருநாள் காலை பால் வாங்கிக்கொண்டு திரும்பியபோது பீரோவின் பூட்டு நெம்பித் திறக்கப்பட்டுக் கிடந்தது. செழியன் அதன் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தான். வேடியப்பன் பால் பாக்கெட்டைக் கையில் வைத்தபடியே அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். முழங்கால் மடங்க நேரமாயிற்று.

“இன்னாடா தேடற?”

“இருக்காதுன்னு தெரியும்ப்பா. ஆனாலும் பாத்தேன்.”

வேடியப்பன் பால் பாக்கெட்டைத் தரையில் வைத்தார். அவர் மகனின் கையைப் பிடித்துக்கொண்டார். மறு கையால் போனை எடுத்து, ஆறு வாரமாக எடுக்காத எண்ணை அழுத்தினார். “மணி, நீ வாம்மா” என்றார். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. சீருடையோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். தம்பியை அன்றே தன் மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனாள்.

அவன் சரியாவதற்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. மாத்திரை, பேச்சு, நடுவில் ஒருமுறை மறுபடி சறுக்கியது, மறுபடி ஏறியது. ஒவ்வொரு தடவையும் வேடியப்பன் கூடப் போனார். டாக்டர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்த நேரங்களில் மகளிடம் மன்னிப்பு கேட்கச் சொற்களைத் தேடியிருக்கிறார். கிடைக்கவில்லை. ஒருநாள் கேன்டீனில் அவளுக்கு வடை வாங்கி வந்து நீட்டினார். அவள் பாதியைப் பிய்த்து அவருக்குத் திருப்பிக் கொடுத்தாள். அத்தோடு அது தீர்ந்தது என்கிறார் வேடியப்பன். “எம் பொண்ணு மனு குடுக்காம இருந்திருந்தா, இன்னிக்கி நான் எந்த மொகத்த வச்சினு இந்த மலைய சுத்துவேன், சொல்லுங்க.”

விசாரணையில் மணிமொழி தானே வந்து எழுதிக் கொடுத்தாள்: துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கலாம், வீட்டுக்கு மட்டும் வரக்கூடாது. வேடியப்பன் வங்கி மேனேஜரிடம் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னார். வடக்கேயிருந்து வந்த இளம்பெண் அவர். தமிழ் தட்டுத் தடுமாறிப் பேசுவார். முழுவதும் கேட்டுவிட்டு, மேலிடத்துக்கு மூன்று கடிதம் எழுதி அனுமதி வாங்கினார். இப்போது சாயங்காலம் ஐந்தரைக்குத் துப்பாக்கி வங்கியின் பாதுகாப்பு அறைக்குள் போய்விடுகிறது. காலையில் அங்கிருந்தே எடுத்துக்கொள்கிறார். தன் நாற்காலியும் திரும்பக் கிடைத்தது.

வீட்டில் கருத்து மாறிவிடவில்லை. வேறு எந்த வேலைக்காவது போங்களேன் என்று மணிமொழி இன்றைக்கும் சொல்கிறாள். உண்ணாமலைக்கு அது இன்னும் ‘அது’தான். ஆனால் சனிக்கிழமைகளில் தென்றல் தாத்தா வீட்டில் தங்குகிறாள். பீரோவின் கீழ்த் தட்டில் இப்போது அவளுடைய பொம்மைகள். வேடியப்பன் எதையும் மறுத்துப் பேசுவதில்லை. சோறு போட்டதற்காகத் துப்பாக்கிக்கும், அதை வெளியே தள்ளியதற்காக வீட்டாருக்கும் அவர் நன்றியோடு இருக்கிறார். இதில் ஒன்றும் முரண்பாடு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

லைசென்ஸ் புத்தகம் வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறையில், அந்த மனுவின் நகல் ஒன்றையும் லேமினேட் செய்து வைத்திருக்கிறார். தேர்தல் வந்தால் துப்பாக்கிகளைக் கணக்கெடுக்க லைசென்ஸைக் கேட்பார்கள். போன தேர்தலில் ஸ்டேஷனுக்குப் புதிதாக வந்த ரைட்டர் உறையைப் பிரித்து, இதென்ன உங்கள் மேலேயே கொடுத்த மனு, இதை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். “அதுவும் லைசென்ஸ்தாங்க சார்” என்று வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார்.

செழியன் இப்போது சூரிய ஒளித் தகடு பொருத்தும் கடையில் வேலை செய்கிறான். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் வங்கி வாசலில் பைக்கை நிறுத்தி ஒருமுறை ஹாரன் அடிப்பான். வேடியப்பன் பாதுகாப்பு அறைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வருவார். முன்பெல்லாம் யாருடைய பைக்கில் பின்னால் உட்கார்ந்தாலும் அவருடைய வலது கை தோளில் தொங்கும் துப்பாக்கியின் வாரை விடாது. இடது கையால்தான் சீட்டின் கம்பியைப் பிடிப்பார். இப்போது ஏறி உட்கார்ந்து, காலைச் சரியாக வைத்துக்கொண்டு, மகனுடைய இரண்டு தோள்களையும் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்கிறார்.

“வுழமாட்டீங்கப்பா, லூசா புடிங்க” என்கிறான் செழியன்.

அவர் கேட்டுக்கொள்வதில்லை.