ஆத்தா இருந்தாளா என்று கேட்ட இரண்டு பேர்

எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாக ஒரு வழக்கு நடக்கிறது. வாதி என் கணவரின் அண்ணன், பிரதிவாதி என் கூடப் பிறந்த அண்ணன். கணவர் வீட்டுக் குலதெய்வமான ஆத்தா ஒரு காலத்தில் ரத்தமும் சதையுமாக நடமாடிய பெண்ணா, இல்லை யாரோ கட்டிவிட்ட கதையா என்பதுதான் வழக்கு. தீர்ப்புச் சொல்ல வேண்டியவள் நானாம். அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை, வரலாறு படித்தவள் என்பதால் எனக்கு இந்தப் பெருமை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளத்துக்காவது திருவிழா முடிந்தால் ஓய்வு உண்டு.

ஆத்தாளின் கதை சின்னதுதான். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள் அவள். எந்தக் காலம் என்று யாருக்கும் தெரியாது. ஒரு நாள் பிறந்த வீட்டுக்குப் போய்வர வேண்டும் என்று கேட்டாள். பண்ணைய வேலை கெட்டுவிடும் என்று விடவில்லை. மறுபடியும் கேட்டாள். தானியம் போட்டு வைக்கும் அறைக்குள் தள்ளிக் கதவைப் பூட்டினார்கள். சில நாள் கழித்துத் திறந்து பார்த்தால் உள்ளே ஆள் இல்லை. கட்டியிருந்த சேலை மட்டும் மடித்து வைத்தபடி கிடந்தது. அதற்குப் பிறகு பட்டியில் மாடு தங்கவில்லை, காட்டில் வெள்ளாமை தங்கவில்லை. பயந்துபோய்க் கோயில் கட்டினார்கள். நாமகிரிப்பேட்டைப் பக்கம் எங்கள் மஞ்சள் காட்டைத் தாண்டிப் போனால் வேப்பமரங்களுக்கு நடுவே அந்தக் கோயில் இருக்கிறது.

கோயிலுக்கு வெளியே ஒரு கல் சாய்ந்து நிற்கிறது. அதில் ஏதோ எழுத்து தேய்ந்து கிடக்கிறது. அது ஆத்தாளின் பெயர்தான் என்று கணவரின் அண்ணன் அடித்துச் சொல்வார். என் அண்ணன் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறவர். மீசை முளைத்த வயதிலேயே சாமி கிடையாது என்று முடிவு கட்டியவர். அது ஏதோ ஏரி மதகுக்கு நட்ட கல் என்பார் அவர்.

"நாலு செவுத்துக்குள்ள பூட்டி வெச்ச ஆளு எப்படிங்க மறையும்? கற்பூரமுங்களா?" என்பார் அண்ணன்.

"உங்க தாத்தனுக்குத் தாத்தன் இருந்தாருங்கறதுக்கு ஆதாரம் வெச்சிருக்கீங்களா மச்சான்? இல்லீல்ல? அப்ப நீங்க எங்கிருந்து வந்தீங்க?" என்பார் அவர்.

இரண்டு பேரும் எனக்குக் காணொளி அனுப்புவார்கள். காலையில் பல் விளக்குவதற்குள் வாட்ஸப்பில் ஆத்தா இருந்தாள். மதிய இடைவேளையில் ஆத்தா இல்லை. சாயங்காலம் பேருந்தில் வரும்போது, இருந்தாள் என்று நிரூபிக்க முடியாததே இருந்ததற்கு நிரூபணம் என்று யாரோ ஒருவர் கத்திக்கொண்டிருப்பார். ஒரு முறை தொல்லை தாங்காமல் நானே போய் அந்தக் கல்லில் மாவு தேய்த்துப் பார்த்தேன். ஆத்தாளும் தெரியவில்லை, மதகும் தெரியவில்லை. அப்படியே சொன்னேன். இரண்டு பேருக்கும் என்மேல் கோபம் வந்தது.

ஆத்தா இருந்தாளா என்பதில் எனக்குப் பெரிய சந்தேகம் ஒன்றும் கிடையாது. இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், இல்லாவிட்டால் இல்லை. இந்த வழக்கின் மேல்தான் எனக்குச் சந்தேகம். ஒரு பெண்ணை அறையில் பூட்டினார்கள் என்று ஒரு குடும்பமே தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டு வருகிறது. அவள் பிறந்த ஆண்டு என்ன, கல்லில் பெயர் இருக்கிறதா, இத்தனையும் துருவித் துருவிக் கேட்கிற இரண்டு ஆண்களில் ஒருவர்கூட சாவி யாரிடம் இருந்தது என்று கேட்டதில்லை. நான் ஒரு முறை கேட்டேன். "அது இப்ப எதுக்கு அம்மணி?" என்றார் கணவரின் அண்ணன். "அது முக்கியமில்ல சாமி" என்றார் என் அண்ணன்.

இதற்கு நடுவில் எனக்குப் பதவி உயர்வு வந்தது. தம்மம்பட்டிக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்து ஊர் ஒன்றில் உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியை. கலந்தாய்வில் அந்த ஊரை நானேதான் தேர்ந்தெடுத்தேன். ஓய்வு பெற இன்னும் சில ஆண்டுகள்தான் இருந்தன. தலைமை ஆசிரியை நாற்காலிக்கு ஆசைப்பட்டேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அதைவிட, அங்கேயே ஒரு வாடகை வீடு எடுத்துத் திங்கள் முதல் வெள்ளிவரை தனியாக இருப்பதற்கு ஆசைப்பட்டேன். ஒரு ஆளுக்கு மட்டும் ரசம் வைத்துக்கொண்டு, பேசாமல் சாப்பிடுவதற்கு.

எங்கள் வீட்டு அடுப்பு என் தலையில்தான் இருந்தது. கணவரின் அண்ணன் மனைவி இறந்த பிறகு அந்த அண்ணனுக்கும், படுக்கையில் கிடக்கும் மாமியாருக்கும், காட்டு வேலைக்கு வருகிறவர்களுக்கும் நான்தான் ஆக்கிப் போட வேண்டும். என் கணவர் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வட மாநிலங்களில் சுற்றுகிறவர். மழைக்காலத்தில்தான் வீட்டில் பார்க்கலாம். தொலைபேசியில் கேட்டேன். "அண்ணன் சொல்றாப்ல பண்ணீரு" என்றார். அண்ணன் என்ன சொல்வார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"ஊட்டுல அடுப்பு யாரு மூட்டறது அம்மணி? இருக்கற வேலையே நல்லாத்தான இருக்குது?" என்றார் கணவரின் அண்ணன். கோபமாகச் சொல்லவில்லை. அவர் கெட்டவர் இல்லை, அதுதான் என் கஷ்டமே. மழை நாட்களில் என்னைப் பள்ளிக்கூடம்வரை வண்டியில் கொண்டுபோய் விட்டவர் அவர். போன ஆண்டு சத்தீஸ்கர் பக்கம் ரிக் வண்டி கவிழ்ந்து என் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மொழி தெரியாத ஊருக்குத் தன்னந்தனியாக ரயிலேறிப் போய்த் தம்பியைக் கூட்டி வந்தவர். திட்டவும் முடியாது, மீறவும் முடியாது. கெட்டவராக இருந்திருந்தால் எப்போதோ பெட்டியைத் தூக்கியிருப்பேன்.

கடைசியாக என் அண்ணனைக் கூப்பிட்டேன். பகுத்தறிவு பேசுகிற மனிதர், பெண்ணைச் சரிசமமாக நடத்த வேண்டும் என்று மேடைக்கு மேடை சொல்கிறவர், எனக்காக ஒரு வார்த்தை பேசுவார் என்று நம்பினேன். "இந்த வயசுக்கு மேல எதுக்கு சாமி அலைச்சலு? மச்சான் சொல்றதும் நியாயந்தான்" என்றார். எதையுமே ஒத்துக்கொள்ளாத இரண்டு பேர், என் விஷயத்தில் மட்டும் ஒரே குரலில் பேசினார்கள். செத்துத் தெய்வமான பெண்ணைப் பற்றி ஆயிரம் கருத்து வேறுபாடு. உயிரோடு இருக்கிற பெண்ணைப் பற்றி ஒன்றுகூட இல்லை.

திங்கட்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் வேண்டாம் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். அதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை ஆத்தா கோயிலில் கிடா வெட்டு. தம்பி பிழைத்து வந்ததற்குக் கணவரின் அண்ணன் நேர்ந்துகொண்டது. தம்பிக்கு விடுப்புக் கிடைக்கவில்லை, பங்காளிகள் எல்லாரும் வந்துவிட்டார்கள். பெண் கொடுத்த வீட்டு முறையில் என் அண்ணனும் வந்திருந்தார். சாமி இல்லை என்றாலும் சாமிக்கு வெட்டிய கிடாக்கறி உண்டு என்பது அவர் கொள்கை.

எங்கள் பக்கத்தில் கிடாயைக் கொண்டுபோய் நிறுத்தியதும் வெட்டிவிட முடியாது. சாமி உத்தரவு கொடுக்க வேண்டும். கிடாயின் மேல் மஞ்சள் தண்ணீரைத் தெளித்துவிட்டுக் காத்திருப்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் உத்தரவு கிடைத்துவிட்டது என்று அர்த்தம். துலுக்குவது என்போம். துலுக்கும்வரை யாரும் நகரக் கூடாது, சாப்பிடக் கூடாது.

அன்றைக்குக் கிடா துலுக்கவில்லை.

பூசாரி தண்ணீர் தெளித்தார். கிடா நின்றது. மறுபடி தெளித்தார். கிடா வேப்பிலையைத் தின்றது. உச்சி வெயில் ஏறியது. அரைத்து வைத்த மசாலா காய்ந்துகொண்டிருந்தது. குழந்தைகள் பசியில் சிணுங்கினார்கள். கால் மாற்றி மாற்றி நின்றோம். எனக்கானால் மனசெல்லாம் திங்கட்கிழமையில் இருந்தது. கோயிலைச் சுற்றி ஆள், ஆளைச் சுற்றி மஞ்சள் காடு, எந்தப் பக்கம் திரும்பினாலும் சொந்தக்காரர் முகம்.

"நம்பிக்கையில்லாத ஆளு கூட்டத்துல நின்னா ஆத்தா எப்படிங்க உத்தரவு குடுப்பா?" என்றார் கணவரின் அண்ணன், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

"முதுவுல ஊத்துனா வெயிலுக்குச் சொகமாத்தானுங்க நிக்கும்? காதுல ரெண்டு சொட்டு விடச் சொல்லுங்க, உங்க ஆத்தா உடனே உத்தரவு குடுப்பா" என்றார் என் அண்ணன்.

"பாவம், வாயில்லாச் சீவன் நிக்குது, அதுகிட்டப் போயி வெளையாட்டா?"

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாமுங்க."

சிரித்தவர்களைக் கணவரின் அண்ணன் முறைத்தார். அவ்வளவுதான், கல் வந்தது, மதகு வந்தது, தாத்தனுக்குத் தாத்தன் வந்தார். நிற்கிற கிடாயை மறந்துவிட்டு இரண்டு பேரும் வரிந்து கட்டினார்கள். பூசாரிதான் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"யாரு மனசுலயோ கொற கெடக்குதுங்க. அதான் ஆத்தா வாய் தொறக்க மாட்டீங்கறா. இருக்கறதை இங்கியே சொல்லி எறக்கி வெச்சிருங்க சாமி."

அதுவும் வழக்கம்தான். ஒரு பெரியம்மா, பேத்தி கல்யாணத்துக்குத் தனக்கு முறையாக வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை என்று அழுதார். பங்காளி ஒருவர் வரப்பை வெட்டியதைச் சொன்னார். ஒவ்வொருவர் சொல்லி முடித்ததும் தண்ணீர் தெளித்தார்கள். கிடா அசையவில்லை. கணவரின் அண்ணன் என்னைப் பார்த்தார்.

"அம்மணி, உனக்கேதாச்சும் இருக்குதா?"

ஒன்றுமில்லீங்க மாமா என்று நான் சொல்வதற்காகத்தான் கேட்டார். சொல்லவும் வாயெடுத்தேன். வேறு ஏதோ வந்தது.

"எனக்குப் பெரிய டீச்சர் வேலை வந்திருக்குதுங்க. தம்மம்பட்டிக்கு அந்தாண்ட. நாளைக்குப் போயிச் சேரோணும். மாமா வேண்டாம்னுட்டாங்க. அவரும் வேண்டாம்னுட்டாரு. எங்கண்ணனும் வேண்டாம்னுட்டாரு. நான் போகோணுமுங்க. எனக்குப் போகோணும். அதுதான் என் கொற."

கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. வகுப்பில் அத்தனை பிள்ளைகளை அடக்குகிற குரல். பூசாரி பழக்க தோஷத்தில் செம்பிலிருந்த தண்ணீரை அள்ளித் தெளித்தார்.

கிடா கொம்பிலிருந்து வால்வரை உடம்பை உதறியது. என் சேலையெல்லாம் தண்ணீர் தெறித்தது. பெண்கள் குலவை போட்டார்கள். மேளக்காரர் உறக்கத்திலிருந்து விழித்தவர்போல அடிக்க ஆரம்பித்தார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஒளிக்காமல் சொல்கிறேன், அந்த நேரத்தில் நான் நம்பினேன். ஆத்தா இருந்தாள், இருக்கிறாள், நான் சொன்னது அவளுக்குக் கேட்டுவிட்டது என்று முழு மனதாக நம்பினேன். சந்தோஷத்தில் அழுதேன்.

கணவரின் அண்ணனுக்கும் கண் கலங்கியிருந்தது. பக்கத்தில் வந்து என் நெற்றியில் தன் கையாலேயே திருநீறு வைத்தார்.

"நல்ல காரியம் பண்ணுன அம்மணி. மனசுல வெச்சுக்கிட்டு வெந்து சாகாம ஆத்தா முன்னால எறக்கி வெச்சுட்ட. அவளும் வாங்கிக்கிட்டா. இதோட அந்தப் பேச்சுத் தீந்துது."

முதலில் எனக்குப் புரியவில்லை. பெரியம்மாதான் காதோரம் விளக்கினார். ஆத்தா முன்னால் சொல்லி, கிடாயும் துலுக்கிவிட்டால் அந்தக் குறை ஆத்தாளுடையது. அதை மறுபடி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பேசினால் குடும்பத்துக்கு ஆகாது. வெற்றிலை பாக்கு விஷயத்தைத் தானும் இனி வாயில் எடுக்கப்போவதில்லை என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

நான் கூட்டத்தில் என் அண்ணனைத் தேடினேன். இதெல்லாம் மூடத்தனம் என்று உரக்கச் சொல்ல அந்த இடத்தில் இருந்த ஒரே மனிதர் அவர்தான். வாழ்நாளெல்லாம் அதைத்தானே சொன்னார், இன்னும் ஒரே ஒரு தடவை சொன்னால் போதும். அருகில் போய் அவர் கையைப் பிடித்தேன். அண்ணா, நீயாவது சொல்லு என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுப்புப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"விடு சாமி. அதான் கெடாயே துலுக்கிருச்சே."

அவர் கையை உதறிவிட்டேன். அந்தச் சமயத்தில் அரிவாள் என் பக்கத்தில் இல்லாதது நல்லது. பந்தியில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்கள். ஈரலை அவர் இவருக்கு எடுத்து வைத்தார், இவர் அவருக்கு எடுத்து வைத்தார். சோறு போட்டது நான்தான்.

மறுநாள் கல்வி அலுவலகத்துக்குப் போய், பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் 'குடும்பச் சூழ்நிலை' என்று போட்டேன். அங்கிருந்த எழுத்தர் அதை வாங்கி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் முத்திரை குத்தினார். "ஆம்பள வாத்தியாருங்க ஆளுக்கொரு காரணம் எழுதறாங்க. டீச்சருங்க அத்தன பேரும் இதையேதானுங்க எழுதறீங்க" என்றார்.