கப்பல் நின்ற ஐந்து மணி நேரம்

கொச்சியிலிருந்து கப்பலில் லட்சத்தீவு போகவேண்டும் என்று ஆசைப்பட்டது என் அக்காதான். அவள் பிள்ளைகள் அவளுக்கும் மச்சானுக்கும் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார்கள். "நீயும் வா. உத்தமபாளையத்துல தனியா உக்காந்து என்ன செய்யப்போற?" என்று என்னையும் சேர்த்துக்கொண்டாள். நர்ஸ் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகியிருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா இருந்தவரை அம்மாவைப் பார்த்துக்கொண்டேன். அவர் போன பிறகு வீட்டில் நான் மட்டும்தான்.

குமுளி மலை ஏறி இறங்கிக் கொச்சிக்குக் காரில் போனோம். கப்பல் ஆடியது என்னை ஒன்றும் செய்யவில்லை. அக்காவுக்குத்தான் தலைசுற்றலும் வாந்தியும். மறுநாள் காலை தீவு தெரிந்தபோது அவளால் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. கப்பல் அங்கே ஐந்து மணி நேரம்தான் நிற்கும். பாய் கட்டிய யாட்டில் தீவைச் சுற்றிவர மூன்று பேருக்கும் முன்பே பதிந்து வைத்திருந்தோம்.

"நான் அக்காகூட இருக்கேன். நீங்க போயிட்டு வாங்க மச்சான்" என்றேன்.

"இவ இப்பிடிக் கெடக்கும்போது எனக்கு அங்கன என்ன வேலை? டாக்டர் வந்து ஊசி போட்டுட்டுப் போயிட்டாக. நீ போயிட்டு வாம்மா."

கட்டிலோரம் உட்கார்ந்து எலுமிச்சம்பழத்தைக் கீறி அவள் மூக்கருகே பிடித்திருந்தார். அக்கா கண்ணைத் திறக்காமலே அவர் சட்டை நுனியைப் பிடித்திருந்தாள். எத்தனையோ கட்டில்களுக்குப் பக்கத்தில் நின்று பழகியவள் நான். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் எனக்கு இடமில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கப்பலிலிருந்து சின்னப் படகில் இறக்கிவிட்டு, கரையில் யாட்டில் ஏற்றினார்கள். அதில் நான்கு ஜோடிகள், நான். ஓட்டுபவர் ஐம்பது வயதுக்காரர், தீவுக்காரர். ஆட்களை எண்ணிவிட்டு, என் தலையில் இருந்த துப்பட்டாவைப் பார்த்து, "இத்தா, கூட ஆரும் இல்லே?" என்று மலையாளத்தில் கேட்டார். இத்தா என்றால் அக்கா. "இல்லா" என்றேன். ஏலத்தோட்டத்து நோயாளிகளோடு பேசிப் பேசி அந்த பாஷை எனக்குப் பழக்கம்.

கொஞ்ச தூரம் போனதும் இன்ஜினை நிறுத்திப் பாயை விரித்தார். சத்தம் நின்றது. படகு ஒரு பக்கம் சாய்ந்து தானாக ஓடியது. தண்ணீர் பச்சைக்கண்ணாடி போலிருந்தது. அடியில் மணல்வரி தெரிந்தது. எல்லோரும் பக்கத்தில் இருந்தவரைத் தொட்டு, "அங்க பாரு, ஆமை" என்றார்கள். நானும் ஆமையைப் பார்த்தேன். "ஆமை" என்று சொல்ல வாய் திறந்து, மூடிக்கொண்டேன்.

ஆழமில்லாத ஓரிடத்தில் படகை நிறுத்தினார். லைஃப் ஜாக்கெட்டோடு எல்லோரும் தண்ணீரில் குதித்தார்கள். மேலே அவரும் நானும்தான் மிஞ்சினோம். அவர் பிளாஸ்கிலிருந்து பால் விடாத கட்டன்சாயா ஊற்றிக் கொடுத்தார். மனைவியும் பிள்ளைகளும் படிப்புக்காகக் கோழிக்கோட்டில் இருக்கிறார்களாம். ஆறு வருடமாக அவரே சமைத்துச் சாப்பிடுகிறார்.

"பழகிவிட்டதா?" என்று கேட்டேன்.

"சமையல் பழகியது. சாப்பிடுவது பழகவில்லை" என்றார்.

என் வீட்டில் நான் ரேடியோவைப் போட்டுவிட்டுத்தான் தட்டில் சோறு போடுவேன்.

அவர் ஏணியைக் காட்டினார். "இறங்குங்கள். நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்."

எனக்கு நீச்சல் தெரியாது. சுருளி அருவியில் நின்றிருக்கிறேன், முல்லையாற்றில் முழங்கால்வரை இறங்கியிருக்கிறேன், அவ்வளவுதான். துப்பட்டாவை இறுக்கிக் கட்டி, ஜாக்கெட் மாட்டி, சுடிதாரோடு ஒவ்வொரு படியாக இறங்கினேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. ரொம்ப நேரம் ஏணியை விடவில்லை. பிறகு விட்டேன். கடல் என்னைத் தூக்கிக்கொண்டது. காது தண்ணீருக்குள் போனதும் மற்றவர்களின் சிரிப்பு கேட்கவில்லை. அழுதேன் என்று நினைக்கிறேன். முகமெல்லாம் உப்புத்தண்ணீராக இருந்ததால் எனக்கே சரியாகத் தெரியவில்லை. தலையைத் திருப்பியபோது ஓட்டுபவர் சொன்னபடியே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கப்பலுக்குத் திரும்பியதும் ஈரத்துணியோடு அக்காவின் அறைக்கு ஓடினேன். சொல்ல அவ்வளவு இருந்தது. அக்காவுக்குக் கொஞ்சம் தெளிந்திருந்தது. மச்சான் கஞ்சியை ஊதி ஊதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருந்துச்சாடி?"

"அக்கா, நான் கடலுக்குள்ள..." என்று தொடங்கினேன். கப்பல் நகர்ந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். மச்சான் பாத்திரத்தை எடுக்க ஓடினார். நான் குளியலறைக்குப் போய்த் துணியை அலசினேன்.

ஊர் வந்து சேர்ந்த பிறகு ஒருவரிடமும் அதைச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டபோது, "நல்லா இருந்துச்சு" என்றேன். பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம் அக்கா கம்பத்திலிருந்து போன் செய்தாள்.

"அன்னைக்கு ஏதோ சொல்ல வந்தியே. நான்தான் கேக்காம விட்டுட்டேன்."

"கடலுக்குள்ள எறங்குனேன்க்கா. மெதந்தேன்."

"நீயா?" "இரு, மச்சான் இங்கனதான் இருக்காக. ஸ்பீக்கர்ல போடுறேன். மொதல்ல இருந்து சொல்லு."

அங்கே இரண்டு பேர் உட்கார்ந்து கேட்டார்கள். இங்கே நான் நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஏணியின் முதல் படியிலிருந்து சொன்னேன்.